அந்தி வானில் நகரும் புள்ளிகள்

இரண்டு விண்கலங்கள் நமது வங்கிக் கிளைகளின் கவுண்ட்டர்களில் கைமாறியிருக்கின்றன. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து புழங்கிய இரண்டு ரூபாய்த் தாளின் பின்புறத்தில் இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டாவின் படம் இருந்தது. 2016 நவம்பரில் வெளிவந்த இரண்டாயிரம் ரூபாய்த் தாளின் பின்புறத்தில் செவ்வாயைச் சுற்றிய மங்கள்யான் இடம்பெற்றது. முதல் தாள் காலப்போக்கில் நாணயத்துக்கு வழிவிட்டது. இரண்டாவது தாளைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக 2023 மே மாதத்தில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. கோடிக்கணக்கான கைகள் அப்படங்களை எண்ணிக் கட்டிவைத்தன. ஆயினும் செயற்கைக்கோள் ஒன்றை வானத்தில் தம் கண்ணாலேயே கண்டவர்கள் நம்மிடையே மிகச் சிலரே.

காண்பது கடினமன்று. தொலைநோக்கி வேண்டா, கட்டணம் இல்லை, சிறப்புப் படிப்பும் தேவையில்லை. வீட்டு மொட்டைமாடியும், சரியான கடிகாரமும், அரைமணி நேரப் பொறுமையும் போதும். உலகின் பல நாடுகளில் ஆசிரியர்களும் பொறியாளர்களும் ஓய்வுபெற்ற எழுத்தர்களும் இதனைப் பொழுதுபோக்காகக் கொண்டு, அறிவியலுக்கே பயன்படும் பதிவுகளைத் திரட்டியுள்ளனர். கொச்சியின் பழைய வணிகப் பகுதியான மட்டாஞ்சேரியிலிருந்து இப்பொழுதுபோக்கை எவ்வாறு மேற்கொள்ளலாம், அதனால் என்ன பயன் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஏன் தெரிகிறது? எப்போது தெரிகிறது?

செயற்கைக்கோளுக்குச் சொந்த ஒளி கிடையாது. அதன் உலோகப் பரப்பிலும் சூரியத் தகடுகளிலும் பட்டுத் திரும்பும் வெயிலே நம் கண்ணுக்கு விண்மீன் போலத் தோன்றுகிறது. ஆகவே அது தெரிவதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. நாம் நிற்கும் நிலம் இருளில் இருக்க வேண்டும். அதே நேரத்தில் செயற்கைக்கோள் செல்லும் உயரத்தில் வெயில் அடிக்க வேண்டும். சூரியன் மறைந்த பின்னர் மலையுச்சியில் மட்டும் சற்று நேரம் வெயில் தங்கியிருப்பதை நாம் அறிவோம். அந்த மலை 400 கி.மீ. உயரம் கொண்டது என்று எண்ணிக்கொண்டால் போதும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். பன்னாட்டு விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. சூரியன் நமது அடிவானத்துக்குக் கீழே சுமார் 20 பாகை இறங்கும் வரையில், நம் தலைக்கு நேர் மேலே வரும் நிலையத்தின் மீது வெயில் படுகிறது. மட்டாஞ்சேரி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் உள்ளது. இங்கே சூரியன் செங்குத்தாக விழுவது போல மறைகிறது. மணிக்கு ஏறக்குறைய 15 பாகை இறங்குகிறது. எனவே சூரியன் மறைந்து ஒரு மணி இருபது நிமிடங்கள் வரையில் உச்சி வானத்தில் நிலையத்தைக் காணலாம். மேற்கு வானில் இன்னும் சற்று நேரம் தெரியும். வானம் இருளத் தொடங்க அரைமணி ஆகிவிடுவதால், நமக்குக் கிடைக்கும் நல்ல நேரம் ஒரு மணிக்குச் சற்றுக் குறைவு. விடியலுக்கு முன்னும் இதே அளவு நேரம் கிடைக்கும். நள்ளிரவில் இங்கே எந்தப் பருவத்திலும் தாழ்வான செயற்கைக்கோள்கள் தெரிவதில்லை. அவை யாவும் பூமியின் நிழலுக்குள் இருக்கும்.

இலண்டன் மாநகரில் நிலைமை வேறு. அங்கே ஜூன் மாத நள்ளிரவில்கூடச் சூரியன் 15 பாகை அளவே கீழிறங்குகிறது. ஆதலால் கோடைக்காலத்தில் இரவு முழுவதும் விண்வெளி நிலையம் வெயிலில் ஒளிர்கிறது. இப்பொழுதுபோக்கு ஐரோப்பாவில் செழித்து வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். நமக்கோ மாலையில் ஒரு வாய்ப்பு, காலையில் ஒரு வாய்ப்பு. வாய்ப்பு சிறிது என்பதால், நேரம் தவறாமல் மாடிக்கு வருவது இங்கே மேலும் இன்றியமையாததாகிறது.

மட்டாஞ்சேரியின் வானம்

மட்டாஞ்சேரிக்கும் கடிகாரத்துக்கும் பழைய உறவு உண்டு. 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயத்தை ஒட்டி, 1760இல் எழுப்பப்பட்ட மணிக்கூண்டு இன்றும் நிற்கிறது. அதன் முகப்புகளில் ரோமன், எபிரேய, மலையாள எண்கள் இடம்பெற்றுள்ளன. மிளகும் இஞ்சியும் ஏலமும் கைமாறிய தெருக்களில் கொங்கணியரும் குஜராத்தியரும் யூதரும் தமிழரும் அவரவர் எண்ணில் ஒரே நேரத்தைப் படித்தார்கள். அந்த நேரம் உள்ளூர்ச் சூரியனின் நேரம். இன்று நாம் பின்பற்றும் இந்தியத் திட்ட நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. மட்டாஞ்சேரி 76.3 பாகைக்கு அருகில் இருப்பதால், இங்கே சூரியன் நம் கடிகாரத்தைவிட ஏறத்தாழ 25 நிமிடங்கள் பின்தங்கி வருகிறது. சென்னையைவிடக் கொச்சியில் மாலை நீளமாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. ஆண்டு முழுவதும் இங்கே சூரியன் மறையும் நேரம் மாலை 6 மணிக்கும் 6.50க்கும் இடைப்பட்டது. எனவே ஏழு மணியையொட்டி மாடிக்கு வந்துவிட்டால் பெரும்பாலான மாதங்களில் நல்ல நேரத்தைத் தவறவிட மாட்டோம்.

மட்டாஞ்சேரிக்கு மேற்கே ஃபோர்ட் கொச்சியும் அதற்கப்பால் அரபிக்கடலும் உள்ளன. கிழக்கே காயல், வில்லிங்டன் தீவு, அதற்கு அப்பால் எர்ணாகுளத்தின் ஒளிவெள்ளம். இருண்ட வானம் மேற்கிலும், வெளிச்சமிக்க வானம் கிழக்கிலும் அமைந்திருப்பது மாலை நோக்கருக்குச் சாதகமே. மாலையில் பூமியின் நிழல் கிழக்கிலிருந்து எழுகிறது. மேற்கே தோன்றும் செயற்கைக்கோள் உச்சியைக் கடந்து கிழக்கே செல்கையில், அடிவானத்தை அடையும் முன்பே நிழலுக்குள் புகுந்து, திரி தாழ்த்திய விளக்குப் போல மங்கி மறைகிறது. ஆதலால் எர்ணாகுளத்தின் விளக்குகள் நம்மிடமிருந்து பெரிதாக எதையும் பறிப்பதில்லை. விடியற்காலையில் இது தலைகீழாகும். நட்டநடு வானில், எங்கிருந்தோ முளைத்தது போலப் புள்ளி தோன்றி, கிழக்கே செல்லச் செல்லத் தெளிவாகும்.

பருவத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை நேர இடிமழை எனக் கொச்சியின் வானம் பாதி ஆண்டு மூடியே இருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரையுள்ள நான்கு மாதங்களே சிறந்தவை. அம்மாதங்களின் மாலைகளில் கார்த்திகைக் கூட்டமும் ரோகிணியும் திருவாதிரையும் உயரத்தில் நின்று, நகரும் புள்ளியின் பாதையை அளப்பதற்கு மைல்கற்களாக உதவுகின்றன. தெற்கே அகத்தியர் விண்மீன் ஒளிர்கிறது. வடக்கே துருவ விண்மீன் அடிவானத்துக்கு மேல் 10 பாகையில், தென்னங்கீற்றுகளுக்கு இடையே தேட வேண்டிய நிலையில் இருக்கிறது.

தும்பாவில் எழுந்த செம்மேகம்

அந்தி நேரத்தில் வானத்தின் உயரத்தை அளக்கும் உத்தியைக் கேரளம் 1963இலேயே கண்டது. அவ்வாண்டு நவம்பர் 21 அன்று மாலை, திருவனந்தபுரத்துக்கு அருகிலுள்ள தும்பா என்னும் மீனவர் கிராமத்திலிருந்து நைக்-அப்பாச்சி என்ற அமெரிக்க ராக்கெட் ஏவப்பட்டது. இந்திய மண்ணிலிருந்து விண்வெளி ஆய்வுக்காகச் சென்ற முதல் ராக்கெட் அது. விக்ரம் சாராபாயின் வழிகாட்டுதலில், இளைஞரான அப்துல் கலாம் உள்ளிட்டோர் அப்பணியில் ஈடுபட்டிருந்தனர். புனித மரிய மகதலேனா தேவாலயக் கட்டடமே அவர்களுடைய அலுவலகமாக இருந்தது.

அந்த ராக்கெட் மேல்வானில் சோடிய ஆவியை வெளியிட்டது. தரையில் இருள் கவிந்துவிட்டது. மேலேயோ வெயில் இருந்தது. வெயில் பட்ட ஆவி செம்மஞ்சள் நிறத்தில் ஒளிர்ந்தது. கடலோர மக்கள் அண்ணாந்து பார்த்து வியந்தனர். அறிஞர்களுக்கு அது காற்றுமானி. ஒளிரும் மேகத்தை வெவ்வேறு இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் படமெடுத்து ஒப்பிட்டால், மேல்வானில் காற்று எத்திசையில் என்ன வேகத்தில் வீசுகிறது என்பது தெரியும். மாலை வேளையைத் தேர்ந்தெடுத்ததன் காரணம், செயற்கைக்கோள் தெரிவதற்கு நாம் மேலே கூறிய அதே காரணம்தான்.

வடக்கே நைனிதாலிலும் அக்காலத்தில் ஒரு பணி நடந்தது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் வானியல் நிலையம், செயற்கைக்கோள்களைப் படமெடுக்க உலகின் பன்னிரண்டு இடங்களில் பேக்கர்-நன் என்னும் பெரிய நிழற்படக் கருவிகளை நிறுவியது. அவற்றுள் ஒன்று நைனிதால் வானாய்வகத்தில் அமைந்தது. ஆனால் கருவி எங்கே நோக்க வேண்டும் என்பதை யாராவது முன்கூட்டிச் சொல்ல வேண்டுமே! அப்பொறுப்பைத் தன்னார்வலர்கள் ஏற்றார்கள்.

சம்பளமில்லாத தணிக்கையாளர்கள்

வானியலாளர் ஃபிரெட் விப்பிள் 1956இல் தொடங்கிய 'மூன்வாட்ச்' திட்டம், பொதுமக்களைக் குழுக்களாகத் திரட்டியது. சிறு தொலைநோக்கிகளை வரிசையாக நட்டு, ஒவ்வொருவரும் வானத்தின் ஒரு துண்டைக் காவல் காத்தனர். 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியபோது உலகமே வானத்தைப் பார்த்தது. 58 செ.மீ. விட்டமுள்ள அந்த உருண்டை வெறுங்கண்ணுக்குப் புலப்படுவது அரிது. பெரும்பாலோர் கண்டது, அதனுடன் சுற்றுப்பாதைக்கு வந்த ராக்கெட்டின் பெரிய பகுதியைத்தான். மூன்வாட்ச் திட்டம் 1975 வரை நடந்தது.

தன்னார்வலர்களின் அளவீட்டு முறை எளிது. செயற்கைக்கோள் இரண்டு விண்மீன்களுக்கு இடையே கடக்கும் தருணத்தில் நிறுத்துக்கடிகாரத்தை அழுத்த வேண்டும். எந்த இரண்டு விண்மீன்கள், அவற்றுக்கிடையே எவ்வளவு தூரத்தில், எந்த நொடியில் என்ற மூன்று விவரங்களே பதிவு. பன்னாட்டு விண்வெளி நிலையம் நொடிக்கு 7.6 கி.மீ.க்கு மேல் விரைகிறது. நொடியில் பத்தில் ஒரு பங்கு துல்லியமாகக் குறித்தால், 400 கி.மீ. உயரத்தில் செல்லும் பொருளின் இடத்தை ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான பிழையில் சொல்லிவிடலாம்.

இத்தகைய எளிய பதிவுகளிலிருந்து பெரிய உண்மைகள் வெளிவந்தன. பிரிட்டனின் ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய டெஸ்மண்ட் கிங்-ஹீலியும் அவருடைய சக ஆய்வாளர்களும், ஸ்புட்னிக் 2இன் சுற்றுப்பாதை மெல்லத் திரும்புவதை ஆராய்ந்து, துருவங்களில் பூமி தட்டையாக இருக்கும் அளவு முன்பு கருதியதைவிடச் சற்றுக் குறைவு என்று கண்டனர். மேல்வானில் காற்று எவ்வளவு அடர்த்தி என்பதையும், செயற்கைக்கோள்கள் படிப்படியாகத் தாழ்வதைக் கொண்டே கணித்தனர். இவ்வாய்வுகளுக்குத் தன்னார்வலர்களின் பதிவுகள் பல்லாண்டுகள் துணைநின்றன.

இங்கிலாந்தின் கெட்டரிங் ஊரில் ஜெஃப்ரி பெர்ரி என்னும் இயற்பியல் ஆசிரியர், தம் மாணவர்களுடன் வானொலிப் பெட்டியில் சோவியத் செயற்கைக்கோள்களின் ஒலியைக் கேட்டு நேரம் குறித்துவந்தார். 1966இல் ஒரு செயற்கைக்கோளின் பாதை அதுவரை அறிந்த எந்த ஏவுதளத்துடனும் ஒத்துவரவில்லை. கணக்கைப் பின்னோக்கிப் போட்டபோது, வடக்கே பிளெசெட்ஸ்க் என்னுமிடத்தில் ஒரு புதிய ஏவுதளம் இயங்குவது தெரியவந்தது. சோவியத் அரசு அதனை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 1983இல்தான். பள்ளிக்கூடப் பேரேடு ஒன்று, ஒரு வல்லரசு மறைத்த பதிவைப் பதினேழு ஆண்டுகள் முன்னதாகவே வெளிக்கொணர்ந்துவிட்டது.

அண்மை நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2000ஆம் ஆண்டில் நாசா ஏவிய இமேஜ் என்னும் ஆய்வுச் செயற்கைக்கோள் 2005 டிசம்பரில் மௌனமாயிற்று. அதன் பணி முடிந்ததாக நாசா அறிவித்தது. 2018 ஜனவரியில் கனடாவைச் சேர்ந்த ஸ்காட் டில்லி என்னும் தன்னார்வலர் வேறொரு செயற்கைக்கோளைத் தேடிக்கொண்டிருந்தபோது, அறிமுகமில்லாத வானொலிக் குறிப்பு ஒன்று அவருடைய கருவியில் விழுந்தது. ஒப்பிட்டுப் பார்த்ததில் அது இமேஜ்தான் என்று தெரிந்தது, நாசாவும் உறுதிசெய்தது. செயலற்றது என்று மூடப்பட்ட கணக்கில் திடீரென வரவு வந்ததைக் கண்டுபிடித்தவர், அந்நிறுவனத்தின் ஊழியர் அல்லர்.

நம் நாட்டிலும் வானொலித் தன்னார்வலர்களுக்கென ஒரு செயற்கைக்கோள் இருந்தது. ஹாம்சாட் என்னும் அது 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டு, 2014 வரை உலகின் பல பகுதிகளிலுள்ள ஹாம் வானொலி ஆர்வலர்களை இணைத்தது.

திருக்கணிதம் என்னும் மரபு

கணித்துச் சொன்ன நேரமும் கண்ணால் கண்ட நேரமும் ஒத்துவர வேண்டும் என்னும் கோட்பாடு இம்மண்ணுக்குப் புதியதன்று. பதினைந்தாம் நூற்றாண்டில் வடசேரி பரமேசுவரன் என்னும் கேரள வானியலாளர், நிளா என்ற பாரதப்புழை கடலில் சேரும் பகுதியில் வாழ்ந்தார். அவர் ஐம்பத்தைந்து ஆண்டுகள் கிரகணங்களையும் கோள்களையும் தொடர்ந்து நோக்கினார் என்று பின்னர் வந்த நீலகண்ட சோமயாஜி குறிப்பிடுகிறார். பழைய வாய்பாடுகள் தந்த நேரத்துக்கும் தாம் கண்ட நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் திருத்தி, 1431இல் 'திருக்கணிதம்' என்னும் முறையை அவர் அளித்தார். 'திருக்' என்பது பார்வை. பார்வையோடு ஒத்த கணிதம் என்பது பொருள். தமிழ்நாட்டில் வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என்று இன்றும் நாம் வேறுபடுத்திச் சொல்வதில் அந்தப் பழைய சொல் வாழ்கிறது.

வங்கிப் பணியாளர்களாகிய நமக்கு இக்கோட்பாடு நன்கு விளங்கும். பேரேட்டின் இருப்பும் பெட்டகத்தின் இருப்பும் ஒவ்வொரு மாலையும் ஒத்துவர வேண்டும். ஏட்டில் இருப்பதனாலேயே பணம் பெட்டகத்தில் இருப்பதாகிவிடாது. எண்ணிப் பார்க்க வேண்டும். வானத்திலும் அவ்வாறே. செயற்கைக்கோளின் நேரத்தை முன்கூட்டிச் சொல்லும் கணக்கு, சில நாள்களிலேயே பழையதாகிவிடும். சூரியனின் சீற்றம் மிகுந்தால் மேல்வானக் காற்று விரிந்து, செயற்கைக்கோளை இழுத்துத் தாழ்த்தும். 2022 பிப்ரவரியில் இவ்வாறு எழுந்த காந்தப்புயலால், புதிதாக ஏவப்பட்ட ஏறத்தாழ 40 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் காற்றில் வீழ்ந்து எரிந்தன. விண்வெளி நிலையமும் அவ்வப்போது உந்துகருவியை இயக்கித் தன்னை உயர்த்திக்கொள்கிறது. அதன்பின் பழைய நேர அட்டவணை பயன்படாது.

ஏட்டில் மட்டும் இருந்தால் போதுமா?

இப்பதிவுகளுக்கு உயிர்களையும் உடைமைகளையும் காக்கும் கடமையும் சேர்ந்துவிட்டது. 1979 ஜூலையில் 77 டன் எடையுள்ள ஸ்கைலாப் நிலையம் விழப்போகிறது என்றபோது, நம் ஊர்களில் பரவிய அச்சத்தை மூத்த வாடிக்கையாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது இறுதியில் இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் சிதறியது. 2022 ஏப்ரல் 2 அன்று இரவு மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் வானத்தில் தீக்கோடுகள் தோன்றின. சந்திரப்பூர் மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றில் பெரிய உலோக வளையம் வந்து விழுந்தது. அது சீன ராக்கெட் ஒன்றின் மூன்றாம் அடுக்கின் பகுதி என்று வல்லுநர்கள் அடையாளம் கண்டனர். நம் பக்கத்துக் கணக்கும் இதில் உண்டு. 2023இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் கடற்கரையில் ஒதுங்கிய உருளை, நமது பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் பகுதி என்பது உறுதியாயிற்று.

மேலே நடக்கும் மோதல்களின் விளைவு இன்னும் பெரிது. 2009 பிப்ரவரி 10 அன்று இரிடியம் 33 என்னும் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோளும், செயலிழந்திருந்த ரஷ்யாவின் காஸ்மாஸ் 2251உம் சைபீரியாவுக்கு மேலே மோதிக்கொண்டன. கண்காணிக்கக்கூடிய அளவுள்ள துண்டுகளே இரண்டாயிரம் ஆயின. ஒவ்வொரு துண்டும் இன்னொரு செயற்கைக்கோளுக்கு ஆபத்து. இதனை உணர்ந்து இஸ்ரோ, பெங்களூருவில் விண்வெளிப் பாதுகாப்புக்கென 2022இல் தனி மையம் ஒன்றைத் திறந்தது. 2030க்குள் இந்திய விண்பயணங்கள் யாவும் குப்பை விடாதவையாக அமைய வேண்டும் என்பது நாடு அறிவித்துள்ள இலக்கு.

இந்த ஆபத்து வங்கி வாடிக்கையாளரையும் தொடும். நகரத்தை விட்டு விலகிய பல ஏ.டி.எம். இயந்திரங்கள், கூரையிலுள்ள சிறு டிஷ் வழியாகச் செயற்கைக்கோளுடன் பேசியே பணம் தருகின்றன. அச்செயற்கைக்கோள்கள் 35,786 கி.மீ. உயரத்தில், பூமியோடு ஒத்த வேகத்தில் சுற்றுவதால் அசையாமல் நிற்பது போலத் தோன்றும், வெறுங்கண்ணுக்குத் தெரியா. ஆனால் அவை எங்கே உள்ளன என்பதை டிஷ் காட்டிக்கொடுக்கும். 83 பாகைத் தீர்க்கரேகையில் நிற்கும் இந்தியச் செயற்கைக்கோள்களை நோக்கி, டில்லியில் டிஷ் ஏறத்தாழ 56 பாகை நிமிர்கிறது. கொச்சியிலோ 76 பாகை. மட்டாஞ்சேரிக் கூரைகளின் டிஷ்கள் மழைநீரை ஏந்தும் தட்டுகள் போல வானத்தைப் பார்த்திருப்பது இதனால்தான். மார்ச் மாத நடுப்பகுதியிலும் செப்டம்பர் இறுதியிலும் சூரியன் இச்செயற்கைக்கோள்களுக்கு நேர் பின்னால் வரும் நாள்களில், சில நிமிடங்கள் இணைப்புத் தடைப்படலாம். அவ்வேளையில் டிஷ் வழி இயங்கும் ஏ.டி.எம். சற்றே தயங்கினால், சில நிமிடம் பொறுத்து மீண்டும் முயல வேண்டுகிறோம்.

தொடங்குவது எவ்வாறு?

மட்டாஞ்சேரியில் பணியாற்றும் நாங்கள் சிலர், பனிக்காலத்து மாலைகளில் பின்பற்றும் முறை இது. இதற்குச் செலவு ஒரு குறிப்பேடு மட்டுமே.

முதலில் விண்வெளி நிலையத்திலிருந்து தொடங்குங்கள். 109 மீட்டர் அகலமுள்ள அது, வெள்ளிக் கோளுக்கு நிகராகவும் ஒளிரக்கூடியது. நம் ஊருக்கு மேலே வரும் நேரங்களை நாசா இலவசமாக அறிவிக்கிறது. கைபேசிச் செயலிகளும் உள்ளன. கொச்சியில் அது தென்மேற்கிலிருந்து வடகிழக்காகவோ, வடமேற்கிலிருந்து தென்கிழக்காகவோ, நீண்ட கடவையானால் ஐந்தாறு நிமிடங்களில் வானத்தைக் கடக்கும். 2025 ஜூன், ஜூலை மாதங்களில் நம் நாட்டவரான சுபான்ஷு சுக்லா அதில் தங்கியிருந்தார் என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லிக் காட்டுங்கள். அந்தப் புள்ளி அவர்களுக்கு வேறு பொருள் தரும்.

இரண்டாவதாக, விமானத்தைப் பிரித்தறியப் பழகுங்கள். சிவப்பும் பச்சையுமாய்க் கண்சிமிட்டினால் அது நெடும்பாசேரிக்குச் செல்லும் விமானம், அல்லது வில்லிங்டன் தீவிலுள்ள கடற்படைத் தளத்தின் வானூர்தி. செயற்கைக்கோள் சீரான வேகத்தில், ஒலியின்றிச் செல்லும். சில புள்ளிகள் ஒரே சீராக மின்னி மங்கும். அவை கட்டுப்பாடின்றிப் புரளும் பழைய ராக்கெட் அடுக்குகளாக இருக்கலாம். வானத்தைக் காட்டப் பச்சை லேசர் விளக்கைப் பயன்படுத்தலாகாது. விமானிகளின் கண்ணைக் கூசச் செய்வது பேராபத்து, சட்டப்படியும் குற்றம்.

மூன்றாவதாக, எழுதுங்கள். தேதி, தோன்றிய திசை, எந்த இரு விண்மீன்களுக்கு இடையே கடந்தது, எத்தனை மணி, நிமிடம், நொடியில், எங்கே நிழலில் மறைந்தது என்னும் ஐந்து பத்திகள் போதும். அறிவிக்கப்பட்ட நேரத்தை அருகில் எழுதி, வேறுபாட்டைக் கணக்கிடுங்கள். சில வாரங்களுக்குப் பிறகு, மங்கலான புள்ளிகளைத் தேட 7×50 அல்லது 10×50 அளவுள்ள பைனாகுலர் ஒன்றை வாங்கலாம். அதற்கு முன் வாங்க வேண்டியது எதுவும் இல்லை.

பொதுச்சொத்து

2019 மே மாதத்தில் ஒரே ராக்கெட்டில் 60 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டன. அவை மணிமாலை போல வரிசையாகச் செல்வதைக் கண்டு உலகம் வியந்தது, வானியலாளர்கள் கவலையுற்றனர். இன்று அவை ஆயிரக்கணக்கில் பெருகியுள்ளன. தொலைநோக்கிகள் எடுக்கும் படங்களில் வெள்ளைக் கீறல்கள் விழுகின்றன. இருண்ட வானத்தைக் காக்கப் பன்னாட்டு வானியல் கழகம் 2022இல் தனி மையம் ஒன்றை ஏற்படுத்தியுள்ளது. மறுபுறம், கம்பி சென்று சேராத தீவுகளுக்கும் மலையூர்களுக்கும் இவ்வகைச் செயற்கைக்கோள்கள் இணைய வசதியைக் கொண்டுசெல்லக்கூடும். பயனும் இழப்பும் ஒரே பதிவின் இரு பக்கங்கள். எப்பக்கம் கனக்கிறது என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் ஏவுவோர் மட்டும் அல்லர். அண்ணாந்து பார்க்கும் உரிமையுள்ள அனைவருமே.

அவ்வுரிமையைப் பயன்படுத்துவோர் குறைவாக இருக்கும்வரை, வானத்தின் கணக்கை எழுதுவோரும் சரிபார்ப்போரும் ஒருவரேயாக இருப்பார்கள். எழுதியவரே தம் ஏட்டைத் தணிக்கை செய்வதை எந்த வங்கியும் ஏற்பதில்லை. ஆலுவா மாணவி ஒருத்தியும், காரைக்குடி ஓய்வூதியர் ஒருவரும், தூத்துக்குடி மீனவர் ஒருவரும் தத்தம் ஊரிலிருந்து நேரம் குறித்து வைத்தால், அப்பணிக்கு மூன்று சாட்சிகள் கூடுவார்கள். வரும் டிசம்பரில் மழை ஓய்ந்து வானம் தெளியும்போது, ஒரு குறிப்பேட்டுடன் மாடிக்குச் செல்லுமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். முதல் பதிவை எழுதும் நாளில் மறவாமல் நேரத்தை நொடி வரை குறியுங்கள்.